நேற்றைய சமையல், இன்றைய விருந்து

அமெரிக்காவில் பஞ்சாங்கக் கணக்குப்படி கோடை பிறப்பது ஜூன் மூன்றாவது வாரத்தில். ஜனங்களின் கணக்கு வேறு. மே மாதக் கடைசித் திங்களன்று வரும் நினைவு தினத்தில் கொல்லைப்புறத்துக் கரி அடுப்பு தூசி தட்டப்படும். செப்டம்பர் முதல் திங்களில் தொழிலாளர் தினத்தோடு அது மறுபடி மூலைக்குப் போகும். நடுவே ஜூலை 4, சுதந்திர தினம். இந்த மூன்று மாதச் சொச்சத்தில் வார இறுதியானால் வீட்டுக் கொல்லையிலும் பூங்காவிலும் ஏரிக்கரையிலும் புகை எழும்பும். இதற்கு அங்கே 'குக்-அவுட்' என்று பெயர். வெளியே சமைத்து, வெளியிலேயே கூடி உண்பது.

இந்த விருந்தில் வேலைப் பங்கீடு எழுதப்படாத சட்டம். அடுப்பும் அதன் மேல் வேகிற இறைச்சியும் அழைப்பவர் பொறுப்பு. "நான் என்ன கொண்டுவரட்டும்?" என்று கேட்பது அழைக்கப்பட்டவரின் கடமை. ஆளுக்கொரு பாத்திரத்தோடு வந்து சேர்வார்கள். உருளைக்கிழங்கு சாலட், கோல்ஸ்லா என்கிற முட்டைக்கோஸ் சாலட், அடுப்பில் நெடுநேரம் வெந்த பீன்ஸ், மசாலா அடைத்த முட்டை, மக்ரோனி, தர்பூசணி. நெருப்பருகே வியர்க்க வியர்க்க நிற்பவருக்குத்தான் பாராட்டு போகிறது. ஆனால் விருந்தின் மானத்தைக் காப்பது மர நிழலில் இருக்கும் அந்த நீண்ட மேஜை. அதில் இருக்கும் பதார்த்தங்களில் பெரும்பாலானவை முந்தின நாளே செய்யப்பட்டவை.

முந்தின நாள் செய்வது சோம்பேறித்தனம் அல்ல. சில பதார்த்தங்கள் செய்த உடனே உண்டால் சுமார்தான். ஒரு ராத்திரி குளிர்ந்து ஊறினால்தான் ருசி கூடும். ஊறுகாய் போடும் எந்த வீட்டுக்கும் இது புதிய செய்தி அல்ல. எதை நேற்றே செய்யலாம், எதை இன்றுதான் செய்ய வேண்டும் என்று பிரித்தறிவதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது.

ஊறுவதும் ஊறக்கூடாததும்

உருளைக்கிழங்கு சாலட்டை எடுத்துக்கொள்வோம். 19-ஆம் நூற்றாண்டில் குடியேறிய ஜெர்மானியர்கள் கொண்டுபோன பண்டம் இது. பத்துப் பேருக்கு ஒன்றரைக் கிலோ கிழங்கு போதும். வெந்தால் மாவாக உதிராத, மெழுகு போன்ற சதையுள்ள கிழங்காக இருக்க வேண்டும். பச்சைத் தண்ணீரில் போட்டுத்தான் அடுப்பில் ஏற்ற வேண்டும். கொதிக்கும் நீரில் போட்டால் வெளியே குழைந்து உள்ளே கல்லாக நிற்கும். தண்ணீரில் உப்போடு ஒரு மேசைக்கரண்டி வினிகர் சேர்த்தால் துண்டுகள் உடையாமல் வேகும். புளிப்பு, கிழங்கின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்ற பொருளைக் கரையவிடாது. புளி ஊற்றியபின் காய் வேகாது என்று சாம்பார் வைப்பவர்கள் சொல்வதும் இதே சங்கதிதான்.

வடித்த கிழங்கின் மேல், சூடு இருக்கும்போதே மூன்று மேசைக்கரண்டி வினிகரும் உப்பும் தெளித்துப் புரட்ட வேண்டும். சூடான கிழங்கு புளிப்பை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆறிய கிழங்கில் அது வெளியிலேயே நின்றுவிடும். நன்றாக ஆறிய பிறகே மயோனைஸ், கடுகு விழுது, நறுக்கிய செலரித் தண்டு, வேகவைத்த முட்டை எல்லாம். வெங்காயம் மட்டும் கடைசியில். பச்சை வெங்காயத்தை முந்தின இரவே கலந்தால் மறுநாள் காரமும் நெடியும் ஏறி மற்ற ருசிகளை எல்லாம் விழுங்கிவிடும். கொத்துமல்லி போன்ற தழைகளும் அப்படித்தான். பரிமாறும் இடத்தில் தூவுவதே நல்லது.

கோல்ஸ்லாவின் பெயர் டச்சு மொழியிலிருந்து வந்தது. கோஸுக்கு ஒரு சொல், சாலட்டுக்கு ஒரு சொல், இரண்டும் சேர்ந்தது. இதில் உள்ள சிக்கல் தண்ணீர். நறுக்கிய கோஸை அப்படியே கலந்து வைத்தால் மறுநாள் பாத்திரத்தின் அடியில் ஒரு குளம் தேங்கி நிற்கும். முதலிலேயே உப்புப் பிசறி ஒரு மணி நேரம் வைத்து, கழுவி, இரண்டு கைகளாலும் ஒட்டப் பிழிந்துவிட்டால் குளமும் இல்லை, கோஸின் நறுக்கும் போகாது. மக்ரோனி சாலட்டின் குணம் நேர்மாறு. அது விடுவதில்லை, குடிக்கும். ராத்திரி பளபளவென்று இருந்தது காலையில் வறண்டு கிடக்கும். கலவையில் மூன்றில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்திருந்து, பரிமாறும்போது ஊற்றிக் கிளறினால் சரியாகிவிடும்.

எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு விதி உண்டு. குளிர்ச்சி நாக்கை மந்தமாக்கும். வெதுவெதுப்பாக இருக்கும்போது சரியாக இருக்கும் உப்பும் புளிப்பும் ஜில்லென்று ஆனதும் போதாமல் தோன்றும். ஆகவே குளிர்ந்த பிறகு ஒரு முறை ருசி பார்த்து, கொஞ்சம் கூட்டிக்கொள்வதே முறை.

அடுப்பு ஏற்றாத நாட்கள்

குக்-அவுட் மேஜையில் தவறாமல் இடம்பெறும் வேகவைத்த பீன்ஸின் பூர்வீகம் பாஸ்டன் நகரம் இருக்கும் நியூ இங்கிலாந்து. அங்கே குடியேறிய பியூரிட்டன்களுக்கு ஞாயிறு ஓய்வு நாள். சனிக்கிழமை பொழுது சாய்ந்ததுமே அது தொடங்கிவிடும். சமையல்கூட வேலைதான் என்பதால் அதுவும் கூடாது. ஆகவே சனிக்கிழமையே பீன்ஸைப் பானையிலிட்டு அடுப்பில் வைத்துவிடுவார்கள். அன்று இரவுக்கும் மறுநாளைக்கும் அதுவே ஆகாரம்.

வெள்ளை பீன்ஸோடு உப்பிட்ட பன்றிக்கொழுப்பும் மொலாசஸும் சேர்ந்தது இந்தப் பதார்த்தம். மொலாசஸ் என்பது கரும்புச்சாறு காய்ச்சிச் சர்க்கரை எடுத்த பிறகு எஞ்சும் கறுப்புப் பாகு. இதில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் சர்க்கரையும் பீன்ஸின் தோலைக் கெட்டிப்படுத்தும். அதனால்தான் எட்டு மணி நேரம் வெந்தாலும் விதை கூழாவதில்லை. பாகை முதலிலேயே ஊற்றினால் பீன்ஸ் வேகவே வேகாது. முதலில் வெறும் நீரில் மெத்தென்று வேகவைத்து, பிறகே பாகையும் கடுகையும் சேர்க்க வேண்டும்.

நெருப்பை மூட்டாமல் ஒரு நாளைக் கழிப்பது இந்தியாவுக்கும் புதிதல்ல. ராஜஸ்தானிலும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளிலும் ஹோலி முடிந்த எட்டாம் நாள் சீதளா அஷ்டமி. அம்மை நோயின் தெய்வமான சீதளா தேவிக்கு உகந்த நாள். அன்று அடுப்பு மூட்டமாட்டார்கள். முந்தின நாள் செய்த பூரி, இனிப்புத் தயிர்ச்சோறு, கம்பு மாவு கரைத்த ராப் ஆகியவற்றை ஆறியபடியே தேவிக்குப் படைத்து, அதையே உண்பார்கள். பண்டிகைக்கே 'பாஸோடா' என்று பெயர். பழையது என்று பொருள். குஜராத்தில் இதே வழக்கம் சிராவண மாதத்தில் வருகிறது. தேய்பிறைச் சஷ்டி சமைக்கும் நாள். சப்தமி ஆறியதை உண்ணும் நாள். பாஸ்டனில் பைபிளும் ஜெய்ப்பூரில் அம்மையும் இட்ட கட்டளை ஒரே சமையல் சாஸ்திரத்தை வளர்த்திருக்கின்றன. புளிப்பு, உப்பு, சர்க்கரை, எண்ணெய் இவற்றில் ஒன்று தூக்கலாக இருப்பதுதான் மறுநாள் வரை நிற்கும்.

பாஸ்டன் பானையின் இனிப்புக்கு இன்னொரு கதையும் உண்டு. அந்தப் பாகு வந்தது கரீபியத் தீவுகளிலிருந்து. கரும்பை வெட்டியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக்கொண்டு வரப்பட்ட அடிமைகள்.

காலணிப் பெட்டிச் சாப்பாடு

அந்த அடிமைகளின் வம்சாவளியினருக்கு முன்கூட்டியே சமைத்து எடுத்துப்போவது வெகுகாலம் வரை கட்டாயமாக இருந்தது. தென் மாநிலங்களில் நிறவெறிச் சட்டங்கள் நடப்பில் இருந்த காலத்தில், வழியில் இருந்த உணவு விடுதிகளில் கறுப்பர்களுக்கு இடமில்லை. ரயிலின் சாப்பாட்டுப் பெட்டியிலும் அவர்களை விலக்கி வைத்தார்கள், அல்லது திரைக்குப் பின்னால் உட்காரச் சொன்னார்கள். பயணம் கிளம்புகிறவர்கள் பொரித்த கோழி, வேகவைத்த முட்டை, ரொட்டி, கேக் துண்டு எல்லாவற்றையும் காலியான காலணிப் பெட்டியில் அடுக்கி எடுத்துப்போவார்கள். ஐஸ் இல்லாமல் ஒரு பகலும் இரவும் தாங்கும் பண்டங்களாக அவை இருந்ததில் ஆச்சரியமில்லை. எந்த ஊரில் எந்த வீட்டில், எந்த விடுதியில் கறுப்பருக்கு இடம் கிடைக்கும் என்று சொல்வதற்கென்றே விக்டர் ஹியூகோ கிரீன் என்ற நியூயார்க் தபால்காரர் 1936 முதல் ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டுவந்தார். 1964-இல் சிவில் உரிமைச் சட்டம் வந்த பிறகுதான் அந்த நூலுக்குத் தேவை குறைந்தது.

கறுப்பின அமெரிக்கர்களின் குக்-அவுட்டில் உணவுக்கு இருக்கும் மரியாதையை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். 1865 ஜூன் 19 அன்று டெக்சாஸ் மாநிலத்து கால்வெஸ்டன் நகரில், அடிமைகள் இனி சுதந்திர மனிதர்கள் என்று ராணுவ அதிகாரி கோர்டன் கிரேஞ்சரின் ஆணை அறிவிக்கப்பட்டது. அந்த நாளை 'ஜூன்டீன்த்' என்று தலைமுறை தலைமுறையாகக் கொல்லைப்புற விருந்தோடு கொண்டாடி வருகிறார்கள். சிவப்பு நிறப் பானம் இல்லாமல் அந்த விருந்து நடக்காது. 2021-இல் அது தேசிய விடுமுறை நாளாகவும் ஆனது. இந்த விருந்துகளில் பிரசித்தமான கேள்வி ஒன்று உண்டு: "இந்த உருளைக்கிழங்கு சாலட் யார் செய்தது?" பதில் திருப்தியாக இருந்தால்தான் கரண்டி பாத்திரத்துக்குள் போகும். வேடிக்கையாகக் கேட்டாலும் உள்ளே இருப்பது வேடிக்கை அல்ல. யார் கைச் சாப்பாட்டை நம்புவது என்ற கேள்வி அது.

இந்தியாவிலும் கட்டுச்சோற்றுக்கு இரண்டு சரித்திரம் உண்டு. பிறர் கைபட்டதை உண்ணலாகாது என்ற ஆசாரத்துக்காகக் கட்டியது ஒன்று. ஓட்டலில் உள்ளே விடமாட்டார்கள், டீக்கடையில் தனி டம்ளர் நீட்டுவார்கள் என்பதால் கட்டியது மற்றொன்று. முதலாவதைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. இரண்டாவதைப் பற்றிய பேச்சு குறைவு. ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்து, யார் செய்தது என்று பார்க்காமல் எல்லோரும் எல்லாவற்றிலும் எடுத்து உண்ணும் விருந்து இவை இரண்டுக்கும் எதிர்த்திசை.

இரண்டு மணி நேரக் கெடு

பிறர் நம்பி உண்கிறார்கள் என்பதாலேயே, கொண்டுவருபவரின் பொறுப்பு கூடுகிறது. 2015 ஏப்ரல் 19 அன்று ஓஹையோ மாநிலத்தின் லங்காஸ்டர் நகரில் ஒரு தேவாலயத்தில் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்த விருந்து நடந்தது. கலந்துகொண்டவர்கள் 77 பேர். அடுத்த சில நாட்களில் 29 பேர் 'பாட்டுலிசம்' என்ற கொடிய உணவு நஞ்சால் பாதிக்கப்பட்டார்கள். 11 பேருக்குச் செயற்கை சுவாசம் தேவைப்பட்டது. ஒருவர் இறந்தார். அமெரிக்காவில் சுமார் நாற்பது ஆண்டுகளில் அதுவே இந்த வகையில் மிகப் பெரிய சம்பவம். விசாரணையில் சந்தேகம் போய் நின்றது உருளைக்கிழங்கு சாலட்டின் மேல். வீட்டிலேயே ஜாடியில் அடைத்துப் பதப்படுத்திய கிழங்கில் அது செய்யப்பட்டிருந்தது.

ஜாடியைக் கொதிநீரில் வைத்துத்தான் பதப்படுத்தியிருந்தார்கள். கொதிநீர் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. இந்த நஞ்சை உண்டாக்கும் கிருமியின் வித்துக்களோ அந்தச் சூட்டைத் தாங்கிவிடும். அவற்றை அழிக்க அழுத்தத்தில் ஏறும் 116 டிகிரியாவது வேண்டும். புளிப்பில்லாத பண்டம், காற்றுப் புகாத ஜாடி, அறைச் சூடு மூன்றும் சேர்ந்தால் அந்த வித்துக்கள் முளைத்து நஞ்சைக் கக்கும். ஊறுகாயில் இந்த ஆபத்து இல்லாததற்குக் காரணம் அதன் புளிப்பும் உப்பும். கிழங்குக்கு அந்தக் கவசம் கிடையாது.

இது அபூர்வமான விபத்து. சாதாரணமாக நடப்பது வேறு. சமைத்தவர் கையிலிருந்தோ காற்றிலிருந்தோ ஏறும் கிருமிகள், 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் மளமளவென்று பெருகும். வாகான சூழ்நிலையில் இருபது நிமிடத்துக்கொரு முறை இரட்டிக்கும். அமெரிக்க விவசாயத் துறை சொல்லும் கெடு இது: கெடக்கூடிய பண்டம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. வெளிச்சூடு 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். மே மாத டெல்லியிலும் நாகபுரியிலும் பகல் முழுவதும் அந்த இரண்டாவது கெடுதான் பொருந்தும்.

பழி வழக்கமாக மயோனைஸின் மேல் விழுகிறது. அது நியாயமல்ல. கடையில் விற்கும் மயோனைஸில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ போதுமான அளவு இருக்கும்; கிருமி எளிதில் வளராது. குற்றவாளிகள் அதோடு கலக்கும் கிழங்கும் முட்டையும் மக்ரோனியும்தான். கெட்டதைச் சூடு பண்ணிச் சரிக்கட்டலாம் என்ற நம்பிக்கையும் தவறு. கிருமிகள் சில விட்டுச்செல்லும் நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழியாது.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. சூடாகச் சமைத்ததை ஆழமான அண்டாவில் அப்படியே விடாமல், அகலத் தட்டில் இரண்டங்குல உயரத்துக்குப் பரப்பினால் சீக்கிரம் ஆறும். ஆறியதும் குளிர்பெட்டிக்குள் போக வேண்டும். எடுத்துப்போகும்போது ஐஸ் பெட்டி. பரிமாறும்போது பாத்திரத்தை ஐஸ் நிரப்பிய இன்னொரு தட்டில் வைப்பது. மொத்தத்தையும் வெளியே எடுக்காமல் பாதி பாதியாக எடுப்பது. பானங்களுக்குத் தனி ஐஸ் பெட்டி. அதைத்தான் குழந்தைகள் நிமிடத்துக்கொரு முறை திறப்பார்கள். பச்சை இறைச்சி வைத்த தட்டில் வெந்ததை வைக்கவே கூடாது.

மேஜையில் ஒரு புளியோதரை

மரக்கறி உண்பவர் இந்த மேஜையில் கொஞ்சம் விசாரித்துத்தான் கரண்டியைப் போட வேண்டும். பீன்ஸில் பன்றிக்கொழுப்பு இருக்கும். கீரையில் பன்றித் தொடைக் கறி கிடக்கும். வண்ண வண்ணமாகக் குலுங்கும் ஜெல்லியும் மார்ஷ்மெல்லோ என்ற பஞ்சு மிட்டாயும் ஜெலட்டினால் ஆனவை. அது மிருகத் தோலிலும் எலும்பிலும் எடுக்கப்படுவது. கோல்ஸ்லாவின் மயோனைஸில் முட்டை.

1965-இல் குடியேற்றச் சட்டம் மாறிய பிறகு அமெரிக்காவுக்குப் போன இந்தியர்கள் இதற்குக் கண்ட வழி, தங்கள் பங்கைத் தாங்களே கொண்டுபோவது. தமிழர்களின் கோடைக்காலப் பூங்கா விருந்துகளில் புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும் தயிர்ச்சாதமும் இல்லாமல் இருக்காது. சித்ரா பௌர்ணமிக்கும் ஆடிப் பெருக்குக்கும் ஆற்றங்கரைக்குப் போன அதே சித்திரான்னங்கள்தான். வெந்த சோறு கிருமிக்கு மிகவும் பிடித்தமான பண்டம். 'பேசில்லஸ் சீரியஸ்' என்ற கிருமியின் வித்து அரிசி வெந்த பிறகும் பிழைத்திருக்கும். சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்து நஞ்சாகும். அந்தப் பெயரைக் கேள்விப்படாத பாட்டிமார்கள், கட்டுச்சோற்றைப் புளியிலும் எலுமிச்சையிலும் தயிரிலும்தான் பிசைந்தார்கள். புளிப்பு அந்தக் கிருமியின் வளர்ச்சியை மட்டுப்படுத்தும்.

புளிக்காய்ச்சலை ஒரு வாரம் முன்பே செய்துவிடலாம். அரை கிலோ அரிசிக்குப் பெரிய எலுமிச்சை அளவு புளி இரண்டு உருண்டை. தண்ணீர் சுண்டி நல்லெண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும் வரை கொதிக்க வேண்டும். சோற்றை உதிரியாக வடித்து, அகலத் தாம்பாளத்தில் எண்ணெய் விட்டு ஆற வைத்து, முழுக்க ஆறியதும் கலக்க வேண்டும். சூட்டோடு கலந்து மூடினால் ஆவி வியர்த்துச் சோறு நசநசத்துப்போகும். தயிர்ச்சாதத்துக்குப் பழைய உபாயம் ஒன்று இருக்கிறது. குழைந்த சோற்றில் தாராளமாகப் பாலும் ஒரே ஒரு கரண்டித் தயிரும் விட்டுக் கிளப்பினால், போய்ச் சேர்வதற்குள் பால் உறைந்து பதமாகியிருக்கும். காலையில் கிளம்பி மதியம் உண்ணும் பயணத்துக்கு ஏற்பட்ட கணக்கு அது. நாற்பது டிகிரி வெயிலில் பொழுது சாயும்வரை வைத்திருப்பதானால் அதற்கும் ஐஸ் பெட்டிதான் கதி.

பெங்களூரிலும் புனேயிலும் குர்கானிலும் மொட்டை மாடியில் கரி அடுப்பு மூட்டி நண்பர்களைக் கூப்பிடுபவர்கள் உண்டு. அங்கேயும் கடைசியில் கேள்வி இதுதான்: யார் என்ன கொண்டுவருவது? என்ன கொண்டுபோனாலும் அதோடு இரண்டு தகவல்களையும் கொண்டுபோவது நல்லது. அதில் என்ன சேர்ந்திருக்கிறது என்பது ஒன்று. எத்தனை மணிக்கு வெளியே எடுத்தது என்பது மற்றொன்று. ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மூடியில் ஒட்டிவிடலாம். விருந்து முடிந்து மேஜையில் மிஞ்சிக் கிடக்கும் கிழங்கு சாலட்டை அந்தக் காகிதத்தைப் பார்த்து, கெடு தாண்டியிருந்தால் யோசிக்காமல் குப்பையில் கொட்ட வேண்டும். அன்னத்தை வீணாக்கக் கூடாது என்று வளர்ந்தவர்களுக்கு மனம் வராதுதான். அளவாகச் செய்திருந்தால் அந்தச் சங்கடமும் வராது.